பூதத்துக்காக அழும் குழந்தைகள்

ஏரிக்கரை. ஒரு சிறுமி தனியாக விளையாடிக்கொண்டு இருக்கிறாள். அவள் கையில் பூக்கள்.

புதரை விலக்கிக்கொண்டு ஒரு உருவம் வருகிறது. தட்டையான தலை. நெற்றியில் தையல் போட்ட தழும்பு. கழுத்தில் இரண்டு பக்கமும் இரும்பு முளை. பாதி மூடிய கண்கள். பிணம் எழுந்து நடப்பது போன்ற நடை!

படம் பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்குகிறது. ஆனால் அந்தச் சிறுமிக்குப் பயம் வரவில்லை. தன் பெயர் மரியா என்று சொல்கிறாள். விளையாட வருகிறாயா என்று கேட்கிறாள். அந்த முரட்டுக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கரையில் உட்கார வைக்கிறாள். பாதிப் பூக்களை அதனிடம் கொடுக்கிறாள்.

பூவைத் தண்ணீரில் போட்டால் அது படகு போல மிதக்கும். அதுதான் விளையாட்டு. சிறுமி ஒரு பூ போடுகிறாள். பூதம் ஒரு பூ போடுகிறது. பூ மிதக்கிறது. பூதம் சிரிக்கிறது.

பூ தீர்ந்துவிட்டது.

பூதம் தன் வெறுங்கையைப் பார்க்கிறது. பூ போலவே அழகாக இருக்கும் சிறுமியைப் பார்க்கிறது. அவளும் மிதப்பாள் என்று நினைத்து, தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறது.

அவள் மிதக்கவில்லை.

என்ன நடந்தது என்று பூதத்துக்குப் புரியவில்லை. திகைத்துப்போய், தட்டுத் தடுமாறி ஓடுகிறது.

"பிராங்கன்ஸ்டீன்" என்ற ஆங்கிலப் படத்தில் வரும் காட்சி இது. அமெரிக்காவில் 1931-ம் ஆண்டு வெளிவந்தது. கறுப்பு-வெள்ளைப் படம். ஓடும் நேரம் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம்தான். இதில் நடித்தவர்கள் எல்லோரும் காலமாகிவிட்டார்கள். இதைவிடப் பயங்கரமான பூதங்கள் எத்தனையோ கலர் படங்களில் வந்துவிட்டன. ஆனாலும் இந்தப் பழைய பூதத்தை இன்றும் ஜனங்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

பயப்படுவதற்காகவா? இல்லை. 90 ஆண்டுகளுக்கு முந்திய பயம் எப்போதோ தீர்ந்துபோயிற்று. தீராமல் இருப்பது பரிதாபம்.

பெயர் இல்லாத பிள்ளை

பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "பிராங்கன்ஸ்டீன்" என்பது பூதத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். அல்ல. அது, பூதத்தை உண்டாக்கிய விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. பெற்றவன் பெயர்கூட வைக்கவில்லை!

இந்தக் கதையை எழுதியவர் ஒரு இளம்பெண். பெயர் மேரி ஷெல்லி. இங்கிலாந்து நாட்டவர்.

1815-ம் ஆண்டு, இப்போது இந்தோனேஷியா என்று சொல்லப்படும் நாட்டில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தில் பரவி, சூரிய ஒளியை மறைத்தது. அதனால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே சரியாக வரவில்லை. எப்போது பார்த்தாலும் மழை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் சில நண்பர்கள் வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் பைரன். "ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதுவோம்" என்று அவர் யோசனை சொன்னார். அந்தப் போட்டியில் பிறந்ததுதான் இந்தக் கதை. அப்போது மேரிக்கு வயது 18.

மேரி பிறந்த சில நாட்களில் அவருடைய தாயார் இறந்துவிட்டார். மேரிக்குப் பிறந்த முதல் குழந்தையும் 1815-ல் இறந்துவிட்டது. தாய் முகம் தெரியாதவர், குழந்தையைப் பறிகொடுத்தவர் எழுதிய கதை இது. அதில் வரும் பூதம் ஒரு அனாதைப் பிள்ளையாக இருப்பதில் என்ன ஆச்சரியம்! கதை 1818-ல் புத்தகமாக வெளிவந்தது. முதல் பதிப்பில் மேரியின் பெயர் அச்சாகவில்லை. பூதத்துக்குத்தான் பெயர் இல்லை என்றால், எழுதியவருக்கும் இல்லை!

கேள்விக்குறிக்கு உள்ளே இருந்தவர்

படத்தை எடுத்தது யுனிவர்சல் கம்பெனி. டைரக்டர் ஜேம்ஸ் வேல். பூத வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர், "டிராகுலா" படத்தில் நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசி. பிறகு அது கைமாறியது. அதிகம் பெயர் தெரியாத ஒரு நடிகருக்குப் போயிற்று. அவர்தான் போரிஸ் கார்லாப்.

அவருடைய சொந்தப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887-ல் லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை, வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் உப்பு வரி இலாகாவில் வேலை பார்த்தவர். மகனும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. மகனோ 1909-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். பண்ணையில் கூலி வேலை செய்தார். ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்டார். பிறகு சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள். பணம் போதாதபோது லாரிக்குச் சரக்கு ஏற்றினார். இப்படியே 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. பூத வேடம் கிடைத்தபோது அவருக்கு வயது 43.

படத்தின் தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் வரும். பூதமாக நடித்தவர் யார் என்ற இடத்தில் வெறும் கேள்விக்குறி (?) மட்டும் போட்டார்கள். ஜனங்களின் ஆவலைத் தூண்டுவதற்குச் செய்த தந்திரம் அது.

முகத்தை உருவாக்கியவர் ஜாக் பியர்ஸ் என்ற மேக்-அப் கலைஞர். தினமும் ஏறக்குறைய 4 மணி நேரம் கார்லாப்பை நாற்காலியில் உட்கார வைத்து, பஞ்சையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்து அந்தத் தலையைக் கட்டினார். கண் இமைகளில் மெழுகு வைத்தார்கள். இது கார்லாப் சொன்ன யோசனை. கண் முழுதாகத் திறந்திருந்தால் அறிவாளி போலத் தெரியும். இப்போதுதான் உயிர் வந்த ஜீவனுக்கு அது பொருந்தாது என்று அவர் நினைத்தார். வாயில் கட்டியிருந்த பொய்ப்பல்லையும் கழற்றிவிட்டார். ஒரு பக்கத்துக் கன்னம் ஒட்டிப்போயிற்று. பட்டினி கிடந்த முகம் வந்துவிட்டது! காலில் பத்து ராத்தலுக்கு மேல் எடையுள்ள பூட்ஸ். அந்தக் கோடைகாலத்தில் இந்தச் சுமையோடு அவர் நாள் முழுவதும் நடந்தார்.

(1933-ல் அமெரிக்க சினிமா நடிகர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அதை ஆரம்பித்தவர்களில் கார்லாப்பும் ஒருவர். இவ்வளவு பாடுபட்டவர் சங்கம் அமைக்காமல் வேறு யார் அமைப்பது?)

பச்சைச் சாயம்

பூதத்தின் முகத்துக்கு பியர்ஸ் பூசியது என்ன நிறம் தெரியுமா? பச்சை கலந்த சாயம்!

கறுப்பு-வெள்ளைப் பிலிமில் பச்சை பச்சையாகத் தெரியாது. பிணத்தின் வெளிறிய நிறமாகத் தெரியும். அதற்காகத்தான் அதைப் பூசினார். பிற்காலத்தில் இதே பூதத்தின் உருவத்தைக் கலரில் அச்சடித்தார்கள், பொம்மை செய்தார்கள், எல்லாவற்றிலும் முகம் பச்சைப் பசேல் என்று இருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. பரிதாபமும் வராது. கிளிதான் நினைவுக்கு வரும்!

கறுப்பு-வெள்ளை என்பது ஏழ்மை அல்ல. அது ஒரு வசதி. இருட்டில் பாதி முகம் மறைந்திருக்கும்போது, மீதிப் பாதியை பார்க்கிறவனே தன் மனதில் வரைந்துகொள்கிறான். ஜெர்மனியில் 1920-ம் ஆண்டையொட்டி எடுத்த மௌனப் படங்களில் நிழலை வைத்தே பயமுறுத்தினார்கள். அந்த வித்தையை வேல் நன்றாகக் கற்றிருந்தார். அதோடு, இந்தப் படத்தில் பயங்கரக் காட்சிகளுக்குப் பின்னணி இசையே கிடையாது. இப்போது பயப்படு, இப்போது அழு என்று வயலின் வந்து யாரையும் அதட்டுவது இல்லை.

வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தவன்

படத்தில் பூதம் முதன்முதலாகச் சூரிய ஒளியைப் பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. ஏரிக்கரைக் காட்சிக்கு முன்னால் வருவது.

அதுவரை இருட்டு அறையில் கிடந்த பூதத்தை ஒரு நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். விஞ்ஞானி கயிற்றை இழுக்கிறான். கூரையில் உள்ள கதவு திறக்கிறது. மேலேயிருந்து ஒளி வந்து விழுகிறது. பூதம் மெல்ல எழுந்து நிற்கிறது. தலையை உயர்த்துகிறது. இரண்டு கைகளையும் மேலே நீட்டி, ஒளியைப் பிடிக்கப் பார்க்கிறது!

விஞ்ஞானி கூரைக் கதவை மூடிவிடுகிறான். ஒளி போய்விட்டது. பூதம் அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் ஏந்துகிறது. ஒரு வார்த்தைகூட இல்லை. பசித்த குழந்தை தாயிடம் கை நீட்டுவது போல இருக்கும்.

இதுவரை "அது" என்று சொல்லி வந்தது போதும். இந்தக் கட்டத்தைப் பார்த்தவர்கள் இனி "அவன்" என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்து என்ன நடக்கிறது? விஞ்ஞானியின் வேலையாள் தீப்பந்தத்தை அவன் முகத்தருகே நீட்டி மிரட்டுகிறான். அவன் அலறுகிறான். அவனைச் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள். சவுக்கால் அடிக்கிறார்கள். பிறந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு ஆயுளுக்கு உரிய அடி வாங்கிவிட்டான்.

அவனுக்கு வைத்தது ஒரு குற்றவாளியின் மூளை என்றும், அதனால்தான் அவன் கெட்டவன் ஆனான் என்றும் கதையில் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அது வீண் வேலை. கார்லாப்பின் இரண்டு கைகளையும் பார்த்தபிறகு அதை யார் நம்புவார்கள்? அவனைக் கெடுத்தது மூளை அல்ல, சவுக்கு.

அவனுக்கு இந்தப் படத்தில் பேச்சு கிடையாது. உறுமல் மட்டும்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும், எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கும், மூன்று வயதுக் குழந்தைக்கும் அவன் சொல்வது ஒன்றுபோலப் புரிகிறது.

கண் தெரியாதவர் கண்ட மனிதன்

1935-ல் வேல் இந்தக் கதையின் இரண்டாம் பாகத்தை எடுத்தார். "பிராங்கன்ஸ்டீனின் மணப்பெண்" என்று பெயர். இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாக அமைவது அபூர்வம். இது அந்த அபூர்வம்.

ஊரார் துரத்தியதால் காயத்தோடு ஓடிவரும் பூதம், காட்டில் ஒரு குடிசையிலிருந்து வயலின் ஓசை வருவதைக் கேட்கிறான். உள்ளே ஒரு முதியவர். அவருக்குக் கண் தெரியாது. வந்தவன் முகம் எப்படி இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? காயத்தைத் தடவிப் பார்க்கிறார். சோறு போடுகிறார். படுக்க வைக்கிறார். தனக்கு ஒரு துணை கிடைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுகிறார். பூதத்தின் கண்ணிலிருந்தும் ஒரு சொட்டு நீர் வழிகிறது.

அந்த வீட்டில்தான் அவன் பேசக் கற்றுக்கொள்கிறான். ரொட்டி, நல்லது, நண்பன்... சின்னச் சின்ன வார்த்தைகள்தான். பிறகு கண் தெரிந்த இரண்டு பேர் துப்பாக்கியுடன் வருகிறார்கள். அத்தோடு எல்லாம் முடிந்தது. குடிசை எரிகிறது.

மாளிகை மேல் ஏறிய குரங்கு

பரிதாபம்தான் இந்தப் படங்களைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி கிங்காங். (தாராசிங்குடன் மோதிய பயில்வான் அல்ல! அவர் வைத்துக்கொண்ட பெயர் இந்தக் குரங்கின் பெயர்.)

1933-ல் வந்த படம் அது. திரையில் மலைபோல் நிற்கும் அந்தக் குரங்கு உண்மையில் ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மை. உள்ளே இரும்பு எலும்புக்கூடு. மேலே முயல் ரோமம். வில்லிஸ் ஓபிரையன் என்ற கலைஞர் அதன் கையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மியளவு நகர்த்தி ஒரு படம் என்று எடுக்க வைத்தார். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 படங்கள் வேண்டும்! கை பட்டுப் பட்டு ரோமம் கலைந்தது. அது தவறுதான். ஆனால் திரையில் பார்த்தால், கோபத்தில் ரோமம் சிலிர்ப்பது போல இருக்கிறது.

அந்தக் குரங்கு யாரிடமும் வம்புக்கு வரவில்லை. தன் தீவில் ராஜாவாக இருந்தது. சினிமாக்காரர்கள் மயக்க மருந்துக் குண்டு வீசிப் பிடித்து, நியூயார்க் நகரத்துக்குக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு மேடையில் நிறுத்தி, டிக்கெட் விற்றார்கள். அது சங்கிலியை அறுத்துக்கொண்டு, எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியில் ஏறியது. விமானங்கள் சுட்டன. தான் தூக்கிவந்த பெண்ணைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, அது விழுந்து செத்தது. அந்த இடத்தில் விமானத்தின் பக்கம் நிற்கும் ரசிகர் யார்?

ஜப்பானியர் 1954-ல் எடுத்த "காட்சில்லா"வும் இந்த ரகம்தான். அந்த ஆண்டு மார்ச் 1-ந் தேதி பசிபிக் கடலில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. மீன் பிடிக்கப்போன ஒரு ஜப்பானியப் படகின் மீது சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் வந்தது! குண்டு வெடித்ததால் கடலடியில் இருந்து எழுந்து வரும் மிருகம்தான் காட்சில்லா. முடிவில் அது செத்தபோது, படத்தில் வரும் வயதான விஞ்ஞானிக்கு மகிழ்ச்சி இல்லை. பார்த்தவர்களுக்கும் இல்லை.

எல்லாம் பொன் அல்ல

இதனால் பழைய பூதப் படங்கள் எல்லாமே நல்ல படங்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குப்பையும் நிறைய உண்டு.

1943-ல் இருந்து யுனிவர்சல் கம்பெனி காசு ஆசையில், ஒரே படத்தில் இரண்டு பூதம், மூன்று பூதம் என்று மோதவிட்டது. கார்லாப் பூத வேடத்தை ஏற்கெனவே விட்டுவிட்டார். வேறு நடிகர்கள் அதே முகத்தை ஒட்டிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி நடந்தார்கள். முகம் இருந்தது. குழந்தை இல்லை. அந்தப் படங்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? "டிராகுலா"கூட அப்படித்தான். லுகோசியின் குரலும் பார்வையும் அபாரம். அவர் 1956-ல் இறந்தபோது டிராகுலாவின் அங்கியோடே அடக்கம் செய்தார்கள். அவ்வளவு புகழ்! ஆனால் அந்த ரத்தக்காட்டேரிக்காகக் கண்ணீர் விட்ட குழந்தை உண்டா?

"இதெல்லாம் கிழவர்களின் பழைய நினைவு. இளமையில் பார்த்ததை உயர்வாகப் பேசுகிறார்கள்" என்று சிலர் கேலி செய்வது உண்டு.

மெக்சிகோ நாட்டில் கில்லர்மோ டெல் டோரோ என்று ஒரு டைரக்டர். பிறந்தது 1964-ல். "பிராங்கன்ஸ்டீன்" வெளியாகி 33 ஆண்டுகளுக்குப் பிறகு! சிறு பிள்ளையாக இருக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்தார். கார்லாப்பின் பூதத்தை ஒரு தெய்வம்போல மனதில் வைத்துக்கொண்டார். 1954-ல் வந்த இன்னொரு கறுப்பு-வெள்ளைப் படத்தில், நீரில் வாழும் விசித்திரப் பிராணி ஒரு பெண் மீது ஆசைப்பட்டுச் சாகிறது. அதுவும் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. 2017-ல், அப்படி ஒரு பிராணி உயிர் பிழைத்து, அன்பும் பெறுவதாகப் படம் எடுத்தார். அதற்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 2025-ல் "பிராங்கன்ஸ்டீன்" கதையையும் அவர் எடுத்துவிட்டார். இதற்குப் பெயர் கிழவர் நினைவா?

2023-ல் ஜப்பானியர்கள் புதிய காட்சில்லா படம் ஒன்றைக் கலரில் எடுத்தார்கள். நன்றாக ஓடியது. பிறகு, அதே படத்தின் கலரை எடுத்துவிட்டு, கறுப்பு-வெள்ளையில் மறுபடி வெளியிட்டார்கள்!

கத்திரி செய்த கொடுமை

கார்லாப்புக்குக் குழந்தைகளிடமிருந்து கடிதங்கள் வரும். பயந்துபோய் எழுதிய கடிதங்கள் அல்ல. பூதத்தின்மேல் இரக்கப்பட்டு எழுதியவை. இதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் 1969-ல், 81-வது வயதில் இங்கிலாந்தில் காலமானார். கடைசிவரை அந்தப் பூதத்தைத் தன் நெருங்கிய நண்பனாகவே நினைத்தார்.

குழந்தைகளுக்குப் புரிந்தது, பெரியவர்களுக்குப் புரியவில்லை.

"குழந்தைகள் பயந்துவிடுவார்கள்" என்று, ஏரிக்கரைக் காட்சிக்குத் தணிக்கைக்காரர்கள் கத்திரி போட்டார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் படம் வந்த புதிதிலேயே வெட்டு விழுந்தது. 1930-களின் பிற்பகுதியில் படம் மறுபடி வெளியானபோது, எல்லாப் பிரதிகளிலும் வெட்டிவிட்டார்கள்.

எந்த இடத்தில் வெட்டினார்கள்? பூ தீர்ந்ததும், பூதம் சிறுமியை நோக்கிக் கையை நீட்டும் இடத்தில்! அங்கே காட்சி முடிந்துவிடும். அடுத்தாற்போல், சிறுமியின் தகப்பனார் இறந்துபோன மகளைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்து வருவார்.

இடையில் என்ன நடந்தது? பார்த்தவர்கள் அவரவர் மனதுக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டார்கள். தோன்றியது எதுவும் நல்லதாக இருக்க முடியாது. விளையாட்டு என்று நினைத்து, தெரியாமல் தவறு செய்த ஒரு அப்பாவியை, வேண்டும் என்றே கொலை செய்த கொடியவன் ஆக்கிவிட்டது அந்தக் கத்திரி. குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிச் செய்த காரியம் இது.

அமெரிக்காவில் 1957-ல் இருந்து இந்தப் படங்களை டெலிவிஷனில் காட்டினார்கள். வீட்டு வீட்டுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததும் வெட்டுப்பட்ட படம்தான்.

வெட்டிய துண்டு 1980-களில்தான் திரும்பப் படத்தில் சேர்ந்தது. கார்லாப் அப்போது உயிரோடு இல்லை. இப்போது பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி முழுதாகக் கிடைக்கிறது. மரியா தண்ணீரில் விழுவதையும் பார்க்கலாம். அவள் மேலே வராததைக் கண்டு அவன் தவிக்கும் தவிப்பையும் பார்க்கலாம்.